மதில் தாண்டாத யானை

“இன்னைக்கும் யானை பாதி வழியிலயா?”

ஆனந்தலட்சுமிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் புருஷன் சுனில்குமார் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். திரையில் நீலக்கட்டம் ரெண்டு மூணு நிறைந்ததோடு சரி. மேற்கொண்டு நகரக் காணோம்.

யானை என்றால் அம்பலத் திருவிழா நோட்டீசுக்குப் போட்ட யானைப் படம். அது இருப்பது மதிலுக்கு அந்தப்பக்கம், அண்ணன் சொக்கநாதன் வீட்டுப் பெட்டியில். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பாறசாலையில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடித்துக்கொடுத்த காலத்து வேலை முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

பாகம் வைத்தபோது தோப்பைப் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள். பெட்டியை எப்படிப் பிரிப்பது? அது அண்ணன் பக்கமே நின்றுவிட்டது. மதிலுக்கு மேலே ஒரு கறுப்பு வயரை இழுத்துத் தம்பி வீட்டில் மாட்டினார்கள். வயரில் வேகம் இருக்கிறதா என்று தெரிய, யானையை அங்கிருந்து இங்கே இழுத்துப் பார்ப்பார்கள். நீலக்கட்டம் சடசடவென்று நிறைந்தால் வேகம் உண்டு.

அதே பாகத்தில்தான் ஒரு பலாமரத்துக்காக அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அம்பலத்தில் எதிர்ப்பட்டாலும் ஆளுக்கொரு திசை. வயரில் கோளாறு வந்தால் மட்டும் வேறு வழியில்லை. ஒருத்தர் அங்கே பெட்டியைப் பார்க்கணும், ஒருத்தர் இங்கே திரையைப் பார்க்கணும், மதில் வழியாகக் கத்திக்கொள்ளணும்.

சுனில் மதிலோரம் போய் நின்றான்.

“யானை அனங்கல்ல. நின்னுபோச்சு.” யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னான்.

அந்தப்பக்கம் தொண்டை கனைக்கும் சத்தம். “எலே சுனிலே, எங்க நிக்குது?”

“தும்பிக்கை மட்டும் வந்துருக்கு.”

“மிச்சம்?”

“உங்க வீட்டுலதான் நிக்குது.”

“அப்ப நாந்தான் ஓலை வெட்டிப் போடணுமாக்கும்?”

ரெண்டு பக்கமும் சிரிப்பு. ஆனந்தலட்சுமிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வேலை கெட்டுக் கிடக்கிறது, இவர்களுக்கு என்ன சிரிப்பு? காலையில் ஜோராக ஓடுகிற வயருக்கு சாயங்காலமானால் என்ன கேடு? எலி கடிக்கிறதா? கறண்டு குறைகிறதா? இவர் எதையாவது நோண்டி வைக்கிறாரா? தலையே சுற்றியது.

நெய்யாற்றின்கரையிலிருந்து மெக்கானிக் சோமனை அவளே வரவழைத்தாள். அவன் வயரைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தான்.

“இதுல ஒரு குழப்பவும் இல்ல சேச்சி. பின்ன ஏன் நிக்குதுன்னு எனக்கும் தெரியல்ல. ஒண்ணு செய்யலாம். புது டிஸ்கு போட்டு, பெட்டியில உள்ளத எல்லாம் இங்க பகர்த்தி வச்சிருவோம். பின்ன வயரே வேண்டாம். அறுத்துக் களஞ்சிரலாம்.”

“நாளைக்கே வா மக்கா. இந்தச் சல்லியம் இன்னையோட போட்டும்.”

சோமன் போனதும் சுனில் அடுக்களைக்கு வந்து நின்றான். முகம் செத்துப் போயிருந்தது.

“வயர அறுக்காண்டாம்டீ.”

“ஏன்?”

“நாந்தான்... சாயங்காலமானா வயரு நம்ம பக்கத்து முனையில இருக்க குமிழ லேசா திருகி விடுதேன். சோமன் வந்தப்ப இறுக்கி வச்சேன்.”

அவள் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. “உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?”

“வயரு ஒழுங்கா ஓடினா அண்ணன் என்னைய எதுக்கு விளிக்கணும்? நீயே சொல்லு.”

அவளுக்குப் பாவமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

“பெரியத்தானுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்? தம்பி நம்மள இத்தனை நாளும் ஏமாத்திட்டான்னு, மிச்சம் இருக்க பேச்சும் போவும். இந்தக் கள்ளத்தனம் நமக்கு வேண்டாம். வயரு போட்டும்.”

அவளே போய்க் குமிழை இறுக்கித் திருகினாள். அதன்மேல் டேப்பும் சுற்றினாள்.

மறுநாள் சாயங்காலம் சோமன் புது டிஸ்கோடு வந்தான்.

“ஆத்யம் வேகம் பாப்போம், பின்ன பகர்த்தலாம்” என்று யானையை இழுத்துவிட்டான்.

நீலக்கட்டம் சடசடவென்று ஓடியது. கண்மூடித் திறப்பதற்குள் யானை முழுசாகத் திரையில் வந்து நின்றது. நெற்றிப்பட்டம், தந்தம், வால், ஒன்றும் குறைவில்லை.

“ஆகா, பறக்குது சேச்சி! இனி எல்லாத்தையும் பகர்த்திட்டு அறுத்துரலாமே?” சோமன் கட்டிங் பிளேயரை எடுத்து மேசைமேல் வைத்தான். சுனில் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அப்போது மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து குரல் கேட்டது.

“எலே சுனிலே! பெட்டியில லைட்டே மினுங்கல்லலே! யானை இங்கயே படுத்துக் கெடக்கு. ஒண்ணு மதிலுக்கிட்ட வந்துட்டுப் போயேன்!”

சோமன் திரையைப் பார்த்தான், மதிலைப் பார்த்தான், ஒன்றும் விளங்காமல் முழித்தான். சுனில் பதறிப்போய், “சத்தியமா நான் தொடல்லடீ” என்றான்.

ஆனந்தலட்சுமி திரையில் முழுசாக நிற்கிற யானையைப் பார்த்தாள். பிறகு கட்டிங் பிளேயரை எடுத்து சோமன் பைக்குள் போட்டாள். ஜன்னலுக்குப் போய்த் தொண்டையைத் திறந்தாள்.

“ஆமா பெரியத்தான்! இங்க யானைக்க வாலுகூட வந்து சேரல்ல! இவியள இப்பம் அனுப்புதேன்!”