ஏ இருக்கவேண்டிய இடம்

“இன்னும் ரெண்டு மணித்தியாலம் இருக்கு அப்பா. நான் சொல்லுற எழுத்தை மட்டும் அமத்துங்கோ, காணும்.”

சாம்பவி ரயிலில் இருந்தாள். அவளுடைய லப்டொப் பாரிஸில், ரூ காய் தெருவில், அப்பா குகதாசனின் பலசரக்குக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது. மதியம் அவள் மூன்று நடுவர்களுக்கு முன்னால் நின்று தன் மாஸ்டர் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும். அதன் அளவீடுகள் முழுவதும் அந்த லப்டொப்பில் மட்டும்தான். பிரதி எடுக்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே விட்டிருந்தாள். பேச முடியாவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

அதிலிருந்த விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டது அவளேதான். ஆர்ம் என்ற வகைச் சிப் உள்ள லப்டொப்புக்கு எல்லா லினக்ஸும் சரிவராது. முதலில் போட்டது கறுப்புத் திரையோடு நின்றது. அடுத்ததற்கு வைஃபை தெரியவில்லை. மூன்றாவது எழும்பியது, ஆனால் சத்தம் வரவில்லை, கமெராவும் வேலை செய்யவில்லை. ஓடுகிற வானுக்கு எஞ்சின் மாற்றி, ஊமையும் குருடுமாக்கி வைத்திருக்கிறாய் என்று அப்பா அப்போதே சொன்னார்.

நேற்று அதற்கு ஓர் அப்டேட் போட்டாள். இன்று காலை கடையில் வைத்து இயக்கியபோது, வழக்கம்போல முதலில் கடவுச்சொல் கேட்டது. கொடுத்தாள். பிழை என்றது. எத்தனை தரம் கொடுத்தும் பிழை என்றது. பழுது பார்க்கும் பிராங்க் வந்து பார்ப்பதாகச் சொன்னதால் அதை அங்கேயே விட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினாள். பிராங்க் பின்னேரம்தான் வருவானாம்.

பேராசிரியருக்கு மன்னிப்புச் செய்தி எழுதப் போனின் கீபோர்டில் விரலை வைத்தபோதுதான் அவளுக்குக் காரணம் விளங்கியது.

“உன்ரை சொல்லுத்தானே. பிறகேன் பிழை எண்டுது?” என்று கேட்டார் அப்பா.

“எங்கடை பிரெஞ்சுக் கீபோர்டிலை ஏ இருக்கிற இடத்திலை, அமெரிக்கக் கீபோர்டிலை கியூ இருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு அது தன்னை அமெரிக்காவிலை இருக்கிறதா நினைக்குது. நாங்கள் ஏ அமத்தினால் கியூ எண்டு எடுக்குது. அதாலை ஏ வாற இடமெல்லாம் நீங்கள் கியூவை அமத்த வேணும்.”

“எங்கடை ஆக்கள் மாதிரித்தான். இங்கை லா ஷப்பேலிலை இருந்துகொண்டு ஊரிலை, தெல்லிப்பழையிலை இருக்கிறதா நினைக்கினம்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பூட்டு மட்டும் திறந்தால் போதும். வைஃபையைத் தானாகப் பிடிக்கும், மிச்சத்தை அவள் போனிலிருந்தே எடுத்துவிடுவாள். ஆனால் அந்தச் சொல்லை அப்பாவின் காதில் சொல்ல வேண்டும். அது என்னவென்று தெரிந்தால் அவர் போனை வைத்துவிடுவார். அவர் கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை. பேச்சை நிறுத்திவிடுவார். அப்படி ஒருவரோடு நிறுத்தியது ஐந்து வருடமாகியும் முடியவில்லை.

பெட்டியில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் மெதுவாகச் சொன்னாள். பிரெஞ்சில் சொன்னால் அப்பாவுக்கு எழுத்துகள் குழம்பும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

“கே. கியூ. ஆர். ஐ. கே. கியூ. எல். கியூ. என்.”

“வாயுக்கை நுழையாத சொல்லாக் கிடக்கு. ஆரும் பொடியன்ரை பேரோ?”

“சும்மா எழுத்துகள் அப்பா. அர்த்தமில்லை.”

பிழை என்று வந்தது. நடுவில், சாமான் வாங்க வந்த ஜெகதீஸ்வரியின் வெண்டிக்காயை நிறுக்கப் போனதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாராம். ஜெகதீஸ்வரி என்ன நடக்கிறது என்று கேட்பது போனில் கேட்டது. அப்பா அவரிடம், தனக்கு இருப்பது ஒரே பிள்ளை, அதுவும் இப்படியொரு பிள்ளை என்றார். அவர் அதை எல்லோரிடமும் சொல்வார். சாம்பவி ஒவ்வொரு முறையும் வேறெங்காவது பார்ப்பாள். இப்போது ஜன்னலைப் பார்த்தாள்.

இரண்டாவது தடவை அப்பா ஒவ்வோர் எழுத்தையும் அவளுக்குப் பின்னால் திருப்பிச் சொன்னார்.

“கே.”

“கே.”

“கியூ.”

“கியூ. ஏக்குப் பதிலா.”

“ஓம். ஆர். ஐ.”

“ஆர். ஐ.”

“கே. கியூ.”

அப்பாவின் குரல் வரவில்லை.

“எல்,” என்றாள் சாம்பவி. “அப்பா? எல்.”

கடையில் சாமிப்பாட்டு மட்டும் கேட்டது. ஜெகதீஸ்வரி மிச்சக் காசு கேட்டார். அப்பா அவருக்கும் பதில் சொல்லவில்லை. சாம்பவி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவருக்கு விளங்கிவிட்டது. ஏயையும் கியூவையும் பற்றி அவளேதான் அவருக்கு விளக்கினாள். இனி அவர் வைத்துவிடுவார். பரீட்சையும் போய்விடும். வீட்டில் அவளோடும் பேச மாட்டார்.

“அப்பா, போனை வைக்காதையுங்கோ.”

“பிழை எண்டுது. கடைசி எழுத்துகளை விட்டிட்டு என்டரை அமத்திப்போட்டன்.”

“திரும்பச் சொல்லட்டே?”

“நீ சொல்லவேண்டாம்.”

பிறகு விசைகளின் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. அவர் ஒரு விரலால் அழுத்துகிறார். அவள் எண்ணினாள். ஒன்பது. பிறகு என்டருக்கு ஒன்று.

“திறந்திட்டுது,” என்றார் அப்பா.

அவளுடைய போனில் லப்டொப்பின் பெயர் தெரிந்தது. அளவீடுகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அவள் நன்றி சொன்னாள். அவர் போனை வைக்கவில்லை.

“பிள்ளை.”

“ஓம் அப்பா.”

“கரிகாலன். உன்ரை அண்ணன். அவன்ரை நம்பர் உன்னட்டை இருக்கோ?”