அண்ணாச்சியின் நோய்

அந்த மருத்துவக் கல்லூரி விடுதியில் ஆளுக்கோர் அறை, அறைக்கொரு நோயாளி. ரத்தமும் சதையும் இல்லாத, வெறும் ஒளியால் ஆன நோயாளி. பேச்சுக் கொடுத்தே நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். சரியாகச் சொன்னதும் அவர் மறைந்துவிடுவார், அடுத்தவர் வருவார்.

ஷெரினுக்கு வாய்த்தவர் சுடலைமுத்து என்ற லாரி ஓட்டுநர். எந்நேரமும் சோர்வு, கறுத்துப்போன கைரேகைகள், ஓயாத உப்பு ஆசை. சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி பழுதாகிவருவது முதல் வாரத்திலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் அவளிடம் "சாப்ட்டியளா டாக்டரம்மா?" என்று கேட்பவர் அவர் ஒருவர்தான்.

அவர் மகளின் கல்யாணக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். ஒரு மத்தியானம் எழுந்து நிற்கப் பார்த்தவர் அப்படியே சுருண்டு விழுந்தார்.

"முடியலம்மா... என்னன்னு இன்னுமா தெரியல?"

ஷெரின் அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். "தெரியும் அண்ணாச்சி. இது அடிசன் நோய். ஊசி போட்டா எந்திரிச்சிருவீங்க."

"அப்ப பொழச்சிக்கிடுவேன்லா?" அவர் முகம் மலர்ந்தது. அவள் தலையாட்டுவதற்குள் தரை வெறுமையாகிவிட்டது. சுவரில் முழு மதிப்பெண் ஒளிர்ந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கதவைத் திறந்தாள். நீண்ட நடைவழியின் இருபுறமும் அறைகள் சாத்தியிருந்தன. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர், இல்லாத ஒருவரிடம், எங்கே வலிக்கிறது என்று அன்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.