நிஷாந்தினியின் கணக்கு

குவைத்திலிருந்து யாரோ மறுபடியும் நிஷாந்தினியின் கணக்கில் நுழையப் பார்த்திருந்தார்கள்.

றின்ஸா டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லுணுகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டப் பாடசாலையின் இணையப் பாடங்கள் அவள் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து யாரும் நுழைய முடியாதபடி போன வாரம்தான் சேர்வரில் தடை போட்டிருந்தாள். அன்றிலிருந்து இந்த ஒரு கணக்கில் மட்டும் முயற்சி ஓயவில்லை.

பாஸ்வேர்ட் ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

கணக்கை மூடிவிடுவதென்று முடிவு செய்து, ஆறாம் வகுப்பிலிருந்து நிஷாந்தினியைக் கூப்பிட்டனுப்பினாள்.

விஷயத்தைக் கேட்டதும் பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

“அது அம்மா, டீச்சர். அங்க வீட்டு வேலைக்குப் போயிருக்காங்க. நான்தான் பாஸ்வேர்ட சொல்லிக் குடுத்தேன்.”

றின்ஸாவுக்குக் கோபம் வரவில்லை. மகளின் பரீட்சைப் புள்ளிகளைப் பார்க்கத் தவித்த தாயையா திருடனென்று நினைத்தோம் என்றிருந்தது.

தடையை அப்படியே வைத்துவிட்டு, அந்தக் கணக்குக்கு மட்டும் வழி திறந்தாள். டீச்சரின் ஃபோனிலிருந்தே நிஷாந்தினி தாய்க்குக் குரல் செய்தி அனுப்பினாள். அம்மா வேலை செய்யும் வீட்டு மேடம் பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகும் நேரம் இது, அம்மா இப்போதே பார்ப்பாள் என்றாள்.

சற்று நேரத்தில் கணக்கு திறந்ததை றின்ஸாவின் திரை காட்டியது.

புள்ளிகள் இருந்த பக்கத்தை அந்தத் தாய் தொடவேயில்லை. ஆறாம் வகுப்பைத் தாண்டி, கீழே போய், முதலாம் வகுப்புத் தமிழைத் திறந்தாள்.

“அம்மா எடம் மாறிப் போயிட்டாங்க போல. எங்க பாக்கணும்னு அவங்களுக்குச் சொல்லுங்களேன்” என்றாள் றின்ஸா.

“இல்ல டீச்சர். அவுங்க படிக்கிறது அதுதான். சின்னதுல ஸ்கூலுக்குப் போகாம, தம்பி தங்கச்சியப் பாத்துக்கிட்டு லயத்து வீட்டுலயே இருந்துட்டாங்க.”

சொற்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பச் சொல்லும் பாடம் அது. பதிவு வந்து சேர்ந்தது. றின்ஸா ஒலியைக் கூட்டினாள்.

“அம்மா… ஆடு… இலை…”

ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி வாசித்தது அந்தக் குரல். கொஞ்சம் நின்றது. பிறகு, பாடத்தில் இல்லாததையும் சொன்னது.

“தொறந்து விட்டதுக்கு நன்றிங்க டீச்சர்.”

றின்ஸா அதை இன்னொரு தடவை கேட்டாள். பிறகு, புதிய மாணவரைச் சேர்க்கும் பக்கத்தைத் திறந்தாள்.

“அம்மாட பேர் என்ன?”