நரியின் நாற்காலி

ஒற்றைப் புளியமரத்தடியில் வக்கீல் தொழிலைத் தொடங்கிய நரி, பத்து வருஷத்தில் மூன்று காடுகளில் அலுவலகம் திறந்துவிட்டது. நாற்பது கறுப்புக் கோட்டுகள் அதனிடம் வேலை பார்த்தன. அவற்றில் கெட்டிக்காரர்களான கீரியையும் ஆந்தையையும் தனித்தனியே அழைத்து, "எனக்குப் பிறகு இந்த நாற்காலி உனக்குத்தான். வெளியே சொல்லாதே" என்று நரி சொல்லியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை நரி செத்துப்போனது. உடனே கீரி நாற்காலிக்கு வலப்பக்கமும் ஆந்தை இடப்பக்கமும் வந்து உட்கார்ந்தன. நரியை அடக்கம் செய்வதற்கு முன் அதில் ஏற இரண்டுக்கும் கூச்சம். எழுந்து போகவோ பயம்.

அன்றைக்குத்தான் முயலின் வளை வழக்கு. பாம்பு அதைத் தன்னுடையது என்றிருந்தது. முயல் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"ஐயா, ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க. மூணாவது தடவையும் வக்கீல் இல்லேன்னா வளை பாம்புக்காம்!"

"நீங்கதான் சீனியர். போய்ட்டு வாங்களேன்" என்றது கீரி.

"பாம்புன்னா உங்களுக்குத்தானே கைவந்த கலை?" என்றது ஆந்தை.

"உள்ளே குட்டிங்க இருக்குதுங்கய்யா!"

இரண்டும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தன. முயல் தனியாகத் திரும்பி ஓடியது.

மதியத்துக்குள் தீர்ப்பு மூன்று காடுகளுக்கும் தெரிந்துவிட்டது. கட்சிக்காரர்கள் வந்து தங்கள் வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கறுப்புக் கோட்டுகளும் அவர்கள் பின்னாலேயே போயின.

கடைசியாக முயல் ஐந்து குட்டிகளோடு வந்து, நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது.

"இறங்கு! அது வக்கீல் இடம்!" என்று இரண்டும் கத்தின.

"கேஸ் போடுங்கய்யா" என்றது முயல். "கோர்ட்டுக்கு யார் போறீங்க?"

கீரி ஆந்தையைப் பார்த்தது. ஆந்தை கீரியைப் பார்த்தது. இரண்டும் எழுந்திருக்கவில்லை.