பால் சட்டி விடாத கறுப்பு

ஒரு பால் சட்டி அடிப்பிடித்துக் கறுத்துப்போனது. கம்பி நார் தேய்க்க வந்தபோது, சட்டி அந்தக் கறுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"தொடாதே தம்பி. இது அடுப்பு பண்ணின வேலை. தப்பு என்னோடதுன்னு அவன் சொல்லட்டும், அப்புறம் விடுறேன்."

"அண்ணே, வெந்நீரும் புளியும் ஊத்தி நல்லா ஊறியிருக்கு. இப்ப விட்டா ரெண்டு தேய்ப்புல போயிடும். இல்லேன்னா இனிமே உன்கிட்ட பாலே வராது."

"வராட்டிப் போகட்டும். நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

நார் அடுப்பைக் கூப்பிட்டுக் கேட்டது. "எந்தச் சட்டிப்பா?" என்றது அடுப்பு, வேறொரு சட்டியைச் சூடாக்கிக்கொண்டே.

மறுநாள் அந்தக் கறுத்த சட்டியில் காய்ச்சிய பாலில் தீய்ந்த வாடை அடித்தது. வீட்டுக்காரி சட்டியின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டாள். மண் நிரப்பி, கறிவேப்பிலைக் கன்றை நட்டு, வாசலில் வைத்தாள்.

ஒரு காக்கா வந்து விளிம்பில் உட்கார்ந்தது.

"உள்ளே பாரு, அடுப்பு பண்ணின அக்கிரமத்தை!" என்றது சட்டி.

காக்கா எட்டிப் பார்த்தது. "வெறும் மண்ணுதானே இருக்கு?"

"அதுக்கு அடியில இருக்கு. ஒரு பொட்டு குறையாம அப்படியே வச்சிருக்கேன்."