பனிக்கு அந்தப் பக்கம் அய்யம்பெருமாள்

ராணுவ சிக்னல் பிரிவில் நானும் அய்யம்பெருமாளும் முப்பது வருஷம் இருந்தோம். லேசர் ஒளியில் பேச்சு போகும். பனி மறைத்தால் ஒரு சொல்கூடச் சிந்தாமல் ரேடியோ ஏந்திக்கொள்ளும். ஓய்வுக்குப் பின் என் குரும்பலூர் மாடிக்கும் அவன் வேப்பந்தட்டை மாடிக்கும் அதையே அமைத்தோம். அங்கே எறும்பு தும்மினாலும் எனக்குக் கேட்கும்.

மனைவி இறந்தபின் தனியாக இருந்த அய்யம்பெருமாள், இன்று காலை என்னோடு நிரந்தரமாகத் தங்கப் பெட்டியோடு வந்துவிட்டான். இருவரும் காபி குடிக்கும்போது வேப்பந்தட்டையிலிருந்து ரேடியோவில் அதே அவன் குரல்: "மாப்ள, இங்க ஒரே பனி. இப்பத்தான் பெட்டி கட்டுறேன். வரட்டுமா?"

வழக்கப்படி சங்கேதச் சொல் கேட்டேன். "முந்திரி" என்று ரேடியோவில் இருந்தவனும் பக்கத்தில் இருந்தவனும் ஒன்றாகச் சொன்னார்கள்.

பனி விலகியது. லேசருக்கு மாறியதும் குரல் இன்னும் தெளிந்தது. "என்னடா உம்முனு இருக்க? வேணாம்னா சொல்லிடு."

பக்கத்திலிருந்தவன் தம்ளரைக் கீழே வைத்தான். "சொல்லிடு மாப்ள," என்றான்.

வேப்பந்தட்டைப் பக்கம் அந்தச் சின்ன லேசர் வெளிச்சம் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது.