சரவணக்குமாருக்கு ஒதுக்கிய குண்டு

“இந்தக் குண்டு சரவணக்குமாருக்கு” என்றான் அருள்குமார்.

வினிதா தராசிலிருந்து அதை எடுத்து நீல மூடி டப்பாவில் போட்டாள். “பாவமுங்க. நம்ம கல்யாணத்துல உங்களுக்கு மாலை எடுத்துக் குடுத்த மனுசன்.”

“அதுக்கு? மாலையத் திருப்பிக் குடுத்தரட்டுமா? அடுத்தத எடு புள்ள.”

கொலை கிலை என்று யாரும் பயப்பட வேண்டாம். மறுநாள் மாவட்ட ரைஃபிள் போட்டி. ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கிற காகித வட்டத்தைச் சுட வேண்டும். கிளப்புக்கு வந்ததோ ஒரே பெட்டி குண்டு. அருள்குமாரும் சரவணக்குமாரும் பாதிப்பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று செயலாளர் சொல்லிவிட்டார்.

முதலிபாளையத்தில் அருள்குமாருக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. துணியின் எடை பார்க்க அங்கே இருக்கும் தராசு, கொசு உட்கார்ந்தாலும் கணக்குச் சொல்லும். அதனால் குண்டைப் பிரிக்கிற வேலை அவன் தலையில் விழுந்தது.

ஒவ்வொன்றாக நிறுத்தான். பின்விளிம்பின் தடிமனை அளந்தான். எடையும் தடிமனும் ஒத்துப்போனவை சிவப்பு மூடி டப்பாவுக்கு, கோணல் மாணலானவை நீல மூடி டப்பாவுக்கு. போன வாரம் பழைய குண்டு பத்தை இப்படிப் பிரித்துச் சுட்டும் பார்த்திருந்தான். ஒத்த குண்டு ஐந்தும் ஒரு சட்டைப் பட்டனுக்குள் அடங்கின. கோணல் ஐந்தும் எலுமிச்சம்பழ அகலத்துக்குச் சிதறின.

சிவப்பு தனக்கு, நீலம் சரவணக்குமாருக்கு. நாலு வருஷமாக அவனுக்கு அடுத்த இடத்திலேயே நின்று நின்று அருள்குமாருக்குக் கால் வலித்துப் போயிருந்தது.

கம்பெனியில் கடைசிச் செக்கிங் வினிதாதான். ஒரு தையல் விட்டிருந்தாலும் அந்த பீஸ் வெளியே போகாது, வீட்டுக்கு வந்துவிடும். அந்த வீட்டில் யார் சட்டைக்கும் இரண்டு கையும் ஒரே நீளத்தில் இருந்ததாகச் சரித்திரம் கிடையாது.

“நீங்க போய்க் குளிங்க. மூடிக்கு டேப் நான் ஒட்டி வெக்கறேன்” என்றாள்.

குளித்தும் பிசுபிசுப்பு போகவில்லை. சாப்பாட்டில் அருள்குமாருக்கு இரண்டு தோசைக்கு மேல் இறங்கவில்லை. வழக்கமாக ஏழு.

காலையில் சரவணக்குமார் பல்லடத்திலிருந்து முதல் ஆளாக வந்திருந்தான். அருள்குமாரின் ரைஃபிளை வாங்கிப் பார்த்தவன், குறி பார்க்கிற இடத்தில் ஒரு திருகு ஆடுவதைக் கண்டு, தரையில் குப்புறப் படுத்து அதை முடுக்கினான்.

“இப்பிடியே சுட்டிருந்தீன்னா மேல போற காக்காதான் உழுந்திருக்கும் மாப்ள!”

“உனக்கு எதுக்குடா இந்த வேலை?” என்றான் அருள்குமார்.

“எனக்கு இதுதான் கடைசி. அடுத்து தோள்ல கத்தி வெக்கறாங்க. இன்னிக்கு ஜெயிச்சா, மாநிலப் போட்டி ஒண்ணப் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். தோத்தா துப்பாக்கிய வித்துப்போட்டுத் தறியவே பாத்துக்கறேன். செரி, எனக்கு எந்த டப்பா? நீ பிரிச்சது, நான் தொறந்துகூடப் பாக்க மாட்டேன்.”

அருள்குமாரின் கை நீல மூடிமேல்தான் இருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எப்படியோ நகர்ந்தது.

“செவப்பு உனக்கு” என்றான். சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். நீல மூடிக் குண்டுகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு ஒரே ஓட்டையில் போய் நுழைந்தன. மனசு சுத்தமாக இருந்தால் ஈயத்துக்கும் தெரிந்துவிடும் போலிருக்கிறது என்று அருள்குமார் நினைத்துக்கொண்டான். இரண்டு புள்ளியில் ஜெயித்தான்.

சரவணக்குமாரின் காகிதத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று, ஓரமாக இரண்டு. அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

“குண்டச் சொல்லக் கூடாது மாப்ள. தோளு போயிருச்சு, நாந்தான் ஒத்துக்காம இருந்தேன்.” கையுறையைக் கழற்றி அருள்குமாரிடம் கொடுத்தான். “மாநிலப் போட்டிக்கு இதப் போட்டுக்க.” துப்பாக்கியை வாங்க அங்கேயே ஓர் ஆளிடம் பேசியும் முடித்துவிட்டான்.

கழுத்துப் பதக்கம் குலுங்க அருள்குமார் வீட்டுக்குள் நுழைந்தான்.

“அந்தப் பாவத்தப் பண்ண எனக்கு மனசு வரல புள்ள. செவப்பு டப்பாவ அவனுக்குக் குடுத்துட்டு, கழிச்சுப் போட்டத வெச்சே சுட்டேன். ஜெயிச்சது கூடப் பெருசில்ல, இன்னிக்கு நிம்மதியாத் தூங்குவேன்!”

வினிதா வாயில் கையை வைத்தாள்.

“ஐயோ... ரெண்டையும் நேத்தே நான் மாத்திக் கொட்டிட்டனுங்களே!”